சோதனையில் சிக்கவில்லை என்றால் நம்பிவிடலாமா?

பெண்கள் மராத்தானை முதன்முதலாக 2 மணி 10 நிமிடத்துக்குள் ஓடி முடித்த கென்யாவின் ரூத் செப்ங்கெடிச்சுக்கே ஊக்கமருந்து வழக்கில் 2025 அக்டோபரில் மூன்றாண்டுத் தடை விழுந்துவிட்டது. அதைச் சுட்டிக்காட்டி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வீரர் எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை என்றால் அவரை நம்பிவிடலாமா? ஒவ்வொரு சாதனையையும் சந்தேகிப்பது நியாயமா? இவ்வளவு குழப்பம் எதற்கு, எல்லா மருந்தையும் அனுமதித்துவிட்டால்தான் என்ன?

முதல் கேள்விக்கு என் பதில், இல்லை. இரண்டாவதற்குச் சற்று நீளமாகப் பேச வேண்டும். மூன்றாவது கேள்விக்கு வரலாறு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

"நான் நூற்றுக்கணக்கான முறை சோதிக்கப்பட்டவன், ஒருமுறைகூட மாட்டியதில்லை" என்ற வாதத்தை லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் அளவுக்குப் பயன்படுத்தியவர் யாருமில்லை. 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். 1999இல் அவருடைய மாதிரியில் கார்ட்டிகோஸ்டீராய்டு தென்பட்டபோது, தோல் புண்ணுக்குப் போட்ட களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச் சீட்டு ஒன்றைக் காட்டித் தப்பினார். ஏழு பட்டங்களும் 2012இல் பறிபோயின. 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் அவரே ஒப்புக்கொண்டார். அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரியன் ஜோன்ஸ் சிட்னி 2000 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், இரண்டு வெண்கலம் வென்றவர். அவரைத் தடை செய்யும் அளவுக்கு எந்தச் சோதனையும் போகவில்லை. விசாரணை அதிகாரிகளிடம் பொய் சொன்ன வழக்கில்தான் உண்மை வெளிவந்தது. அவர் சிறைக்கும் போனார்.

இது எப்படிச் சாத்தியம்? சோதனைக்கூடம் தேடும் பொருளைத்தான் கண்டுபிடிக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கி, தசைகளுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொண்டுபோகும் இ.பி.ஓ. 1980களின் கடைசியில் மருந்தாக வந்தது. ஒலிம்பிக்கில் அதற்கான சோதனை 2000இல்தான் வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் அதைப் போட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் "சோதனையில் சிக்காதவர்"தான். சோதனை வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. தோலுக்கடியில் பெரிய அளவில் போடுவதை விட்டு, இரவில் சிறிய அளவை நேரடியாக ரத்தக் குழாயில் ஏற்றக் கற்றுக்கொண்டார்கள். காலையில் கதவைத் தட்டும் அதிகாரிக்குக் கிடைக்கும் சிறுநீரில் தடயம் மங்கியிருக்கும். ரத்தத்தில் பலன் மட்டும் வாரக்கணக்கில் நிற்கும்.

டி.ஹெச்.ஜி. என்ற ஸ்டீராய்டு இதைவிடத் தெளிவான உதாரணம். சோதனையில் அகப்படாமல் இருப்பதற்காகவே உருவாக்கப்பட்டது அது. அன்றைய வழக்கமான பரிசோதனை முறையில் மாதிரியைத் தயார்செய்யும் கட்டத்திலேயே அந்த மூலக்கூறு சிதைந்துவிடும், கருவிக்கு ஒன்றும் தெரியாது. 2003இல் டிரெவர் கிரஹாம் என்ற பயிற்சியாளர் தன் பெயரைச் சொல்லாமல், பயன்படுத்திய ஊசிக்குழல் ஒன்றை அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமைக்கு அனுப்பினார். அதன் உள்ளே ஒட்டியிருந்த மிச்சத்தை வைத்து லாஸ் ஏஞ்சலிஸில் டான் கேட்லினின் ஆய்வகம் அது என்ன பொருள் என்று கண்டுபிடித்து, அதற்கென ஒரு சோதனையையும் வடிவமைத்தது. வீரர்களுக்கு இந்த ஸ்டீராய்டைக் கொடுத்துவந்த பால்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஊழல் அம்பலமானது அப்படித்தான். அந்த ஊசிக்குழல் தபாலில் வராமல் போயிருந்தால் எத்தனை பதக்கங்கள் இன்றும் அந்த வீரர்கள் வீட்டு அலமாரியில் இருந்திருக்கும்?

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெரிய ஊக்கமருந்து வழக்குகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஆய்வகம் தானாகக் கண்டுபிடித்தவை மிகக் குறைவு. 1998 டூர் டி பிரான்ஸ் தொடங்கும் முன் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோட்டின் காரை நிறுத்திச் சோதித்தவர்கள் பிரான்ஸ் சுங்க அதிகாரிகள். வண்டி நிறைய இ.பி.ஓ. இருந்தது. அந்த அதிர்ச்சியில்தான் 1999இல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையே, அதாவது வாடா, உருவானது. 2006இல் ஸ்பெயினில் மருத்துவர் ஃபுயென்டெஸ், வீரர்களுக்குத் திரும்ப ஏற்றுவதற்காகப் பாதுகாத்து வைத்திருந்த ரத்தப் பைகளைக் கைப்பற்றியது போலீஸ். 2019இல் ஆஸ்திரியாவின் சீஃபெல்டில் பனிச்சறுக்கு உலகப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது போலீஸ் ஓர் அறைக்குள் நுழைந்தது. மாக்ஸ் ஹௌக்கே என்ற வீரர் கையில் ஊசியோடு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் போலீஸ் சோதனைக்கு வழிவகுத்தது, தான் செய்ததைத் தொலைக்காட்சியில் சொன்ன யோஹானஸ் டூர் என்ற இன்னொரு வீரரின் வாக்குமூலம்.

சோச்சி விவகாரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 2014இல் ரஷ்யாவின் சோச்சி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் அது. மாதிரி எடுக்கும்போது வீரர் முன்னிலையில் சிறுநீரை ஏ, பி என இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து மூடுவார்கள். மூடியை ஒருமுறை திருகினால் உடைக்காமல் திறக்க முடியாது என்பதுதான் அந்தக் குப்பிகளின் பெருமை. சோச்சி ஆய்வகத்தில், மாதிரிகளைப் பிரிக்கும் அறையின் சுவரில் தரையோடு ஒட்டி ஒரு சிறிய ஓட்டை போட்டிருந்தார்கள். இரவில் அந்த வழியாகக் குப்பிகள் பக்கத்து அறைக்குப் போகும். அங்கிருந்து ரஷ்ய உளவுத்துறையின் ஆட்கள் எடுத்துப்போய், மூடி உடையாமல் திறந்து கொண்டுவருவார்கள். பல மாதங்களுக்கு முன்பே சேகரித்து உறையவைத்த சுத்தமான சிறுநீர் உள்ளே போகும். அடர்த்தி பொருந்தாவிட்டால் உப்பு சேர்ப்பார்கள். அதே ஓட்டை வழியாகக் குப்பி திரும்பி வரும். காலையில் எல்லாம் நெகட்டிவ். இதையெல்லாம் உலகுக்குச் சொன்னவர் அந்த ஆய்வகத்தின் இயக்குநர் கிரிகோரி ரோட்சென்கோவ், நாட்டைவிட்டு வெளியேறிய பிறகு, 2016இல். வாடா ஏற்பாடு செய்த விசாரணையில் அதே ஆண்டு வெளியான மெக்லாரன் அறிக்கை, 30க்கும் மேற்பட்ட விளையாட்டுகளில் 1,000க்கும் அதிகமான ரஷ்ய வீரர்கள் இந்த ஏற்பாட்டால் பயனடைந்ததாகச் சொன்னது.

சோதனைகளில் சிக்குபவர்கள் உலக அளவில் ஏறக்குறைய ஒரு சதவீதம், அல்லது அதற்கும் கீழே. அப்படியானால் பயன்படுத்துபவர்கள் எத்தனை பேர்? நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். 2011இல் டேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியின்போது ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் கையாண்டார்கள். உங்களுக்கு நெருக்கமான ஒருவரின் பிறந்த நாளை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அது மாதத்தின் முதல் பத்து தேதிகளுக்குள் வந்தால் பிறப்பைப் பற்றிய ஒரு சாதாரணக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், இல்லையென்றால் "கடந்த ஓராண்டில் ஊக்கமருந்து பயன்படுத்தினீர்களா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஒருவர் "ஆம்" என்று அழுத்தினால் எந்தக் கேள்விக்கு அழுத்தினார் என்று ஆய்வாளருக்கே தெரியாது. ஆனால் மொத்தக் கணக்கில் நிகழ்தகவை வைத்துச் சாதாரணக் கேள்வியின் பங்கைக் கழித்துவிடலாம். கழித்துப் பார்த்தபோது வந்த மதிப்பீடு 43.6 சதவீதம். அதே போட்டியில் சோதனைகளில் சிக்கியது 0.5 சதவீதம்.

அந்த 43.6ஐ வேதவாக்காக எடுக்க வேண்டாம். அவசரமாக அழுத்தியவர்கள் இருப்பார்கள், கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் இருப்பார்கள். பாதியாகக் குறைத்தாலும் சோதனை காட்டும் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதுதான் விஷயம். என்னை அதைவிட உறுத்துவது, 2011இல் எடுத்த ஆய்வு அச்சேறியது 2017இல் என்பது. வாடா ஏற்பாடு செய்த ஆய்வு அது. ஆறு ஆண்டுகள் இழுத்தடித்தார்கள்.

பொதுமக்களின் சந்தேகம் ரசிகர்களின் பொறாமையிலிருந்து வருகிறது என்று விளையாட்டு அமைப்புகள் அடிக்கடி வருத்தப்படுகின்றன. அதற்குத் தீனி போட்டவர்கள் அவர்களேதான். சர்வதேசத் தடகளச் சம்மேளனத்தின் தலைவராக 16 ஆண்டுகள் இருந்த லமீன் டியாக், ரஷ்ய வீரர்களின் பாசிட்டிவ் முடிவுகளை மறைக்கப் பணம் வாங்கிய வழக்கில் 2020இல் பாரிஸ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். அந்தச் சம்மேளனத்தின் ஊக்கமருந்து தடுப்புப் பிரிவின் தலைவரும் அவரோடு தண்டனை பெற்றார். வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

உண்மையைப் பேசியவர்களின் கதி என்ன ஆனது? கிறிஸ்டோஃப் பாஸ்ஸோன் என்ற பிரெஞ்சு சைக்கிள் வீரர் 1999 டூர் டி பிரான்ஸில் பங்கேற்றுக்கொண்டே, இந்தப் பந்தயம் இன்னும் சுத்தமாகவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். ஆர்ம்ஸ்ட்ராங் பந்தயத்தின் நடுவிலேயே அவர் பக்கத்தில் வந்து, இங்கே உனக்கு வேலையில்லை, வீட்டுக்குப் போ என்ற பொருளில் சொன்னார். சக வீரர்கள் பேசுவதை நிறுத்தினார்கள். பாஸ்ஸோன் பாதியிலேயே விலகினார். 2004 டூரில் ஃபிலிப்போ சிமியோனி என்ற வீரர் முன்னேறிச் சென்றபோது, ஒட்டுமொத்தத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையில் இருந்த ஆர்ம்ஸ்ட்ராங்கே துரத்திப் போய் அவரைப் பின்வாங்க வைத்தார். பந்தய வெற்றிக்கு அந்தத் துரத்தல் தேவையே இல்லை. ஆர்ம்ஸ்ட்ராங்கின் மருத்துவருக்கு எதிராகச் சிமியோனி சாட்சி சொல்லியிருந்தார், அவ்வளவுதான். திரும்பும்போது கேமராவைப் பார்த்து வாயை ஜிப் போட்டு மூடுவதுபோல் சைகை காட்டினார் ஆர்ம்ஸ்ட்ராங். உலகமே நேரலையில் பார்த்தது.

ரஷ்யாவில் நடப்பதை ரகசியமாகப் பதிவுசெய்து, 2014இல் ஜெர்மன் தொலைக்காட்சி மூலம் வெளியிட்டவர்கள் விட்டாலி ஸ்டெபனோவும் அவர் மனைவி யூலியாவும். விட்டாலி ரஷ்ய ஊக்கமருந்து தடுப்பு முகமையில் வேலை பார்த்தவர்; யூலியா 800 மீட்டர் ஓட்டக்காரர், தானும் மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டவர். நாட்டைவிட்டு வெளியேறி மறைந்து வாழ வேண்டியதாயிற்று. யூலியா ரியோ ஒலிம்பிக்கில் ஓட விரும்பினார், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அனுமதிக்கவில்லை.

ஆகவே ஒரு விளையாட்டை நம்பலாமா என்று பார்க்க, அங்கே எத்தனை பேர் சிக்கினார்கள் என்ற கணக்கு போதாது. உள்ளே இருந்து ஒருவர் பேசினால் அவருக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கிறேன். அவருக்கு வேலை இருக்கிறதா, அணியில் இடம் இருக்கிறதா, வழக்குப் போட்டு நசுக்குகிறார்களா? பேசுபவருக்குப் பாதுகாப்பு இல்லாத விளையாட்டில் ஆயிரம் நெகட்டிவ் முடிவுகளைக் காட்டினாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. அமைப்பைச் சந்தேகிப்பதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது என்பதால், ஒரு தனி மனிதரை நோக்கி விரலை நீட்ட உரிமை வந்துவிடுமா? வராது. இங்கேதான் ரசிகர்களும் சில பயிற்சியாளர்களும் அநியாயம் செய்கிறார்கள்.

லண்டன் 2012இல் சீனாவின் யே ஷிவென்னுக்கு வயது 16. பெண்கள் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் கடைசி 50 மீட்டரை 28.93 விநாடியில் நீந்தினார். அதே நாள் ஆண்கள் பிரிவில் தங்கம் வென்ற ரயன் லாக்டி அதே தூரத்துக்கு 29.10 எடுத்திருந்தார். ஆணைவிட வேகமாகப் பெண் நீந்தினாளா என்று கிளப்பிவிட்டார்கள். முழுப் பந்தயத்தைப் பார்த்தால் லாக்டி 23 விநாடிக்கு மேல் வேகம். வெகுதூரம் முன்னால் போய்விட்டதால் கடைசியில் முழு மூச்சாக நீந்த வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. யே எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. அதுவே நிரபராதி என்பதற்குச் சான்றாகாது என்று நான்தானே மேலே சொன்னேன் என்பீர்கள். சரிதான். ஆனால் குற்றவாளி என்பதற்கும் அங்கே ஒரு சான்றும் இல்லை, அவர் எந்த நாட்டுக்காரர் என்பதைத் தவிர. தங்கள் நாட்டு வீராங்கனை அதே வேகத்தில் நீந்தியிருந்தால் அந்தப் பயிற்சியாளர்கள் அதிசயம் என்று கொண்டாடியிருப்பார்கள். சந்தேகம் கொடியின் நிறத்தைப் பார்த்து வந்தால் அது வெறும் வெறுப்பு.

வேகம் கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2009 ரோம் உலக நீச்சல் போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. காரணம் பாலியூரித்தேன் நீச்சலுடை, 2010இல் அதைத் தடை செய்தார்கள். 2017க்குப் பிறகு நெடுந்தூர ஓட்ட நேரங்கள் சரிந்ததில் கார்பன் தகடு பதித்த காலணிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

சோதனை முடிவே தவறாகப் போனதும் உண்டு. பிரிட்டனின் 800 மீட்டர் வீராங்கனை டயான் மோடால் 1994இல் லிஸ்பனில் கொடுத்த மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் எக்கச்சக்கமாக இருந்தது. தடை விதித்தார்கள். பிறகுதான், மாதிரியைக் குளிர்சாதனத்தில் வைக்காமல் வெப்பத்தில் விட்டிருந்ததும், பாக்டீரியா பெருகி அளவைக் கெடுத்திருக்கக்கூடும் என்பதும் தெரியவந்தது. குற்றச்சாட்டு நீங்கியது, ஓட்ட வாழ்வின் உச்ச காலம் திரும்பவில்லை. சிட்னி 2000இல் 16 வயது ருமேனிய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஆண்ட்ரியா ரடுகானிடமிருந்து தங்கம் பறிக்கப்பட்டது, அணி மருத்துவர் சளிக்குக் கொடுத்த மாத்திரைக்காக. அவர் மீது பழியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், பதக்கத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

சமீபத்திய வழக்குகளில் மக்கள் கோபப்படுவதன் காரணமும் இந்த ஏற்றத்தாழ்வுதான். டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப்புக்கு முதலில் நான்காண்டுத் தடை. 2024இல் மேல்முறையீட்டில் அது ஒன்பது மாதமாகக் குறைந்தபோது அவர் ஏற்கெனவே ஒன்றரை ஆண்டு வெளியே உட்கார்ந்துவிட்டார். டென்னிஸ் வீரர் யானிக் சின்னர் 2024 மார்ச்சில் இருமுறை பாசிட்டிவ் ஆனது ஆகஸ்ட்டில்தான் வெளியே தெரிந்தது; இடையில் ஆடிக்கொண்டிருந்தார், மருந்து தனக்குத் தெரியாமல் உடலில் சேர்ந்தது என்றார், கடைசியில் மூன்று மாதத் தடையோடு முடிந்தது. 2021 தொடக்கத்தில் 23 சீன நீச்சல் வீரர்களின் மாதிரியில் ட்ரைமெட்டாசிடின் என்ற தடைசெய்யப்பட்ட இதய மருந்து தென்பட்டது. ஓட்டல் சமையலறையில் கலந்துவிட்டது என்ற விளக்கம் ஏற்கப்பட்டது. உலகத்துக்குத் தெரிந்தது 2024 ஏப்ரலில். இவற்றில் சின்னரின் விளக்கமும் சீன வீரர்களின் விளக்கமும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ரகசியமாக முடிக்கப்பட்ட வழக்கை, வெளியே வந்தபின் நம்பு என்றால் யார் நம்புவார்கள்? அன்றே அறிவித்திருந்தால் பாதிச் சந்தேகம் எழுந்தே இருக்காது.

இந்த இடத்தில் செப்ங்கெடிச் விஷயத்துக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் சிகாகோவில் 2:09:56. முந்தைய சாதனை 2:11:53. ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஒரே அடியில் குறைந்தது. பந்தயம் முடிந்து நடந்த சந்திப்பில் ஒரு செய்தியாளர், இந்த நேரத்தைப் பார்த்து மக்கள் ஊக்கமருந்து என்று சந்தேகிப்பார்களே, அவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். கேட்டவர் மீது பாய்ந்தார்கள். கென்ய அரசியல்வாதிகள் வரை கண்டித்தார்கள். ஐந்து மாதம் கழித்து, 2025 மார்ச் 14இல் எடுத்த மாதிரியில் ஹைட்ரோகுளோரோதயசைடு. சிறுநீரைப் பெருக்கும் இந்த மருந்து, மற்ற மருந்துகளின் தடயத்தை மறைக்கவும் பயன்படும் என்பதால் தடைப் பட்டியலில் இருக்கிறது. வீட்டு வேலை செய்பவரின் மாத்திரையை உடம்பு முடியாதபோது எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். தடை வந்தது. சிகாகோ சாதனை அந்த மாதிரிக்கு முந்தையது என்பதால் ஏட்டில் அப்படியே நிற்கிறது.

அந்தச் செய்தியாளர் கேட்டது சரியான கேள்வி என்பேன். தடை வந்ததால் இதைச் சொல்லவில்லை, வராமல் போயிருந்தாலும் அது சரியான கேள்விதான். அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்டார், பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார். கூடவே கேட்க வேண்டியது, அவரைப் போன்றவர்களைப் போட்டி இல்லாத மாதங்களில் எத்தனை முறை, யார், எங்கே சோதித்தார்கள் என்பது. 1985இல் மரீட்டா கோஹ் 400 மீட்டரில் ஓடிய 47.60இன் மீதும், 1988இல் ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 100 மீட்டரில் ஓடிய 10.49இன் மீதும் இன்றுவரை நிழல் விழுந்திருப்பதற்கு ஒரு காரணம், அந்தக் காலத்தில் திடீர் சோதனைகள் பெயருக்குத்தான் இருந்தன என்பது.

சந்தேகம் யாருக்காக வேண்டியிருக்கிறது என்று கேட்டால் நான் லண்டன் 2012 ஆண்கள் 94 கிலோ பளுதூக்குதலைச் சொல்வேன். தங்கம், வெள்ளி, வெண்கலம் வென்ற மூவரும் சேமித்து வைத்த மாதிரிகளை மறுபடி சோதித்தபோது சிக்கினார்கள். நான்காம், ஆறாம், ஏழாம் இடங்களில் வந்தவர்களும் சிக்கினார்கள். ஐந்தாவதாக வந்த ஈரானின் சயீத் முகமதுபூருக்குத் தங்கம், எட்டாவதாக வந்த கொரியாவின் கிம் மின்-ஜேவுக்கு வெள்ளி, ஒன்பதாமிடத்துப் போலந்து வீரருக்கு வெண்கலம் என்றானது. அந்தப் போலந்து வீரரே 2016 ரியோவில் நாண்ட்ரலோன் என்ற ஸ்டீராய்டோடு பிடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். ஏதென்ஸ் 2004 குண்டு எறிதலில் இரண்டாமிடம் வந்த ஆடம் நெல்சனுக்கு, முதலிடத்து யூரி பிலோனோக் சிக்கியதால் ஒன்பது ஆண்டு கழித்துத் தங்கம் கிடைத்தது, அட்லாண்டா விமான நிலையத்தின் உணவுக்கூடத்தில். அந்த ஒன்பது ஆண்டில் வந்திருக்க வேண்டிய ஒப்பந்தங்களையும் மேடையில் ஒலித்திருக்க வேண்டிய தேசிய கீதத்தையும் யார் திருப்பித் தருவார்கள்?

கடைசிக் கேள்வி. எல்லாவற்றையும் அனுமதித்து, மருத்துவர் மேற்பார்வையில் விட்டுவிட்டால்? கிழக்கு ஜெர்மனி அதைத்தான் செய்தது. 1974இல் வகுத்த அரசுத் திட்டம் 14.25இன் கீழ், மருத்துவர்கள் அளவு குறித்து, குறிப்பேட்டில் எழுதி, ஓரல்-டுரினபோல் என்ற நீல மாத்திரையைக் கொடுத்தார்கள். சுமார் 10,000 வீரர்கள். பலர் பருவம் எட்டாத சிறுமிகள். வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். குரல் உடைந்தது, கல்லீரல் கெட்டது, கருப்பை பாதித்தது. க்ரைஷா நகரில் அவர்களுக்கென்று நவீன சோதனைக்கூடமே இருந்தது. வெளிநாட்டுப் போட்டிக்குப் புறப்படும் முன் அங்கே சோதித்து, இன்னும் தடயம் மிச்சமிருப்பவரை வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். மருத்துவர், ஆய்வகம், அரசு மூன்றும் இருந்தும் நடந்தது அது.

அனுமதித்தால் மட்டும் சமநிலை வந்துவிடாது. பணக்கார நாட்டின் ஆய்வகம் ஏழை நாட்டின் மருந்துக் கடையை எப்போதும் ஜெயிக்கும். மாத்திரை வேண்டாம் என்று சொல்லும் 14 வயதுப் பெண்ணுக்கு அணியில் இடமிருக்காது. அதோடு, "இதுவரை ஆபத்தில்லை" என்று மருத்துவக் குழு ஓர் அளவை நிர்ணயித்த மறுநாளே அதற்கு மேல் ஒரு மாத்திரை போடுபவர் முன்னால் போவார். அவரைக் கண்டுபிடிக்கத் திரும்பவும் இதே குப்பிகளும் இதே ஆய்வகமும் உள்ளிருந்து பேசத் துணியும் யாரோ ஒருவரும்தான் வேண்டியிருக்கும்.